சரியில்லாத முதுகு

என் இரண்டாவது பிரசவம் சிசேரியனில் முடிந்தது. மேசை விளிம்பில் உட்கார்ந்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, வயிறு விட்ட அளவுக்கு முதுகை வளைத்திருந்தேன். முதல் ஊசி எலும்பில் முட்டியது. இரண்டாவதும் முட்டியது. மூன்றாவது முறை இடது காலில் மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு வெட்டு. "ஐயோ" என்றேன். "அசையாதீங்கம்மா" என்றார் மயக்க மருந்து கொடுக்க வந்தவர். பிறகு சலிப்போடு, "உங்க முதுகு சரியில்லம்மா" என்றார். நான் உடனே "ஸாரி டாக்டர்" என்றேன்.

நான்காவது ஊசி சரியாக இறங்கியது. மகள் பிறந்தாள். எதற்காக ஸாரி கேட்டோம் என்ற கேள்வி வெகுநாள் கழித்துத்தான் வந்தது. சரியான முதுகு என்று ஒன்று எங்காவது இருக்கிறதா? அதை யார், யாருடைய முதுகுகளைப் பார்த்து முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், 1940களின் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரில், எலும்புகள் நிறைந்த இழுப்பறைகளுக்கு முன்னால் போய் நிற்போம். அவற்றைத் திறந்து அளந்துகொண்டிருந்தவர் ஒரு பெண். பெயர் மில்ட்ரெட் டிராட்டர்.

அவரிடம் போகும் முன் பிரசவ வலிக்கு மருந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1847 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்தில் ஈதரைப் பயன்படுத்தினார். அந்தப் பெண்ணின் இடுப்பெலும்பு உருக்குலைந்து குறுகியிருந்தது. பிரசவ மயக்க மருந்தின் வரலாறே இப்படி ஒரு 'சரியில்லாத' எலும்போடுதான் தொடங்குகிறது. வலியோடு பெறுவதே பெண்ணுக்கு விதிக்கப்பட்டது என்று வேதாகமத்தைக் காட்டி எதிர்த்தவர்களுக்கு அவரும் வேதாகமத்தைக் கொண்டே பதில் எழுத வேண்டியிருந்தது. 1853-இல் விக்டோரியா ராணி குளோரோஃபார்ம் முகர்ந்து எட்டாவது குழந்தையைப் பெற்ற பிறகு எதிர்ப்பு மெல்ல அடங்கியது. விதியை மாற்ற ஒரு ராணி தேவைப்பட்டாள்.

ஈதரும் குளோரோஃபார்மும் நினைவையும் சேர்த்து எடுத்துச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலிருந்து பரவிய 'அந்தி உறக்கம்' இன்னும் விசித்திரமானது. மார்ஃபினும் ஸ்கோபோலமினும் சேர்ந்த அந்த முறையில் பெண்ணுக்கு வலி முழுதாகப் போகாது. வலித்ததன் நினைவுதான் போகும். கத்துவாள், புரளுவாள், விழித்ததும் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனாலும் 1914-இல் அமெரிக்கப் பெண்கள் அதைக் கேட்டுச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். இன்று நாம் அதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். வேறு எதுவும் கொடுக்கப்படாத நிலையில் கிடைத்ததைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நினைவு தப்பாமல் வலியை மட்டும் நிறுத்த ஒரு வழி இருந்தது: முதுகு. 1900-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஓஸ்கார் க்ரைஸ் பிரசவ வலியில் இருந்த பெண்களின் தண்டுவட நீருக்குள் கொக்கெய்ன் செலுத்திப் பார்த்தார். 1909-இல் ஜெர்மனியில் வால்டர் ஸ்டோக்கல், முதுகெலும்பின் அடிக்கோடியில் இருக்கும் ஒரு திறப்பு வழியாக 141 பெண்களுக்கு மருந்து கொடுத்ததை வெளியிட்டார். இந்த இரண்டாவது வழிக்குக் காடல் முறை என்று பெயர். இரண்டிலும் ஒரே குறை. ஒரு ஊசியின் பலன் சிறிது நேரம்தான். பிரசவமோ பல மணி நேரம்.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த கடலோடிகளுக்கான அரசு மருத்துவமனையின் ராபர்ட் ஹிங்சனும் வால்டோ எட்வர்ட்ஸும். 1942 ஜனவரி 6 அன்று கடலோரக் காவல்படை வீரர் ஒருவரின் மனைவிக்கு அவசர சிசேரியன் செய்ய வேண்டியிருந்தது. வாதக்காய்ச்சலால் பழுதான இதயம் அவருக்கு. முழு மயக்கத்தை அந்த இதயம் தாங்காது. வளையக்கூடிய ஊசி ஒன்றை முதுகின் அடித்திறப்பில் நுழைத்து, வெளியே எடுக்காமல் அங்கேயே விட்டு, குழாய் வழியாக மருந்தை விட்டுவிட்டுச் செலுத்தினார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், இந்த முறையில் நடந்த முதல் பத்தாயிரம் பிரசவங்களைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. ஓராண்டு கொஞ்சத்தில் பத்தாயிரம்! நாடெங்கும் மருத்துவர்கள் அந்த ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். பல பெண்களுக்கு அற்புதமாக வேலை செய்தது. சிலருக்கு ஊசி உள்ளே போகவே இல்லை. சிலருக்குப் போயும் வலி நிற்கவில்லை. மிகச் சிலருக்கு மருந்து போகக்கூடாத இடத்துக்குப் போய் மூச்சு நின்றது.

ஏன் என்று புரிந்துகொள்ள அந்த எலும்பைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு இடுப்புக்குக் கீழே வந்ததும் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி ஒரே முக்கோண எலும்பாகின்றன. இதுதான் சேக்ரம். இதன் அடியில் தொங்குவது வால் எலும்பு. சேக்ரத்துக்கு உள்ளே ஒரு கால்வாய் ஓடுகிறது. இடுப்புக்கும் பிறப்புறுப்புக்கும் போகும் நரம்புகள் அதில் இறங்குகின்றன. கால்வாயின் மேற்பகுதியில் தண்டுவட நீர் நிறைந்த சவ்வுப் பை இருக்கிறது. பெரும்பாலும் அது இரண்டாவது சேக்ர முள்ளெலும்பின் அருகே முடிந்துவிடும். கால்வாயின் பின்சுவர் கீழ்க்கோடியில், ஐந்தாவது முள்ளெலும்பின் இரு பக்கங்களும் நடுவில் வந்து சேராமல் நின்றுவிடுவதால், சவ்வு மூடிய ஒரு வாசல் உண்டாகிறது. வாசலின் இருபுறமும் இரண்டு சிறு எலும்பு முண்டுகள். மருத்துவர் கட்டைவிரலால் அவற்றைத் தடவித்தான் வாசலைக் கண்டுபிடிக்கிறார். உள்ளே விட்ட மருந்து பைக்கு வெளியே தங்கி, மெல்ல மேலேறி, நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. பிறப்புப் பாதையின் வலியைச் சுமக்கும் நரம்புகள் அங்கேயே, சேக்ரத்திலேயே இருக்கின்றன. கருப்பை சுருங்கும் வலியைச் சுமப்பவையோ வெகு மேலே, விலா எலும்புகள் முடியும் மட்டத்தில் தண்டுவடத்தில் சேர்கின்றன. அவ்வளவு உயரம் மருந்து ஏற வேண்டும் என்றால் நிறைய மருந்து வேண்டும்.

இது பாடநூலில் வரைந்திருக்கும் சேக்ரம். படம் ஒன்றுதான், பெண்கள் பல பேர்.

செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உடற்கூறியல் கற்பித்துக்கொண்டிருந்த டிராட்டர், 1944-இல் கார்டன் லெட்டர்மேனுடன் சேர்ந்து, பெண்களின் சேக்ரத்தில் காணும் வேறுபாடுகளும் தொடர் காடல் முறைக்கு அவற்றின் முக்கியத்துவமும் என்ற பொருளில் ஒரு ஆய்வை வெளியிட்டார். 1945-இல் லேனியருடன் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேக்ரங்களின் அடிவாசலை மட்டும் ஆராய்ந்தார். 1947-இல் மூன்றாவதாக, கால்வாயின் வேறுபாடுகளை மயக்கவியல் மருத்துவர்களுக்காகத் தொகுத்து எழுதினார். அதில் கோட்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எலும்பாகக் கையில் எடுத்து அளக்கும் வேலைதான்.

வாசலின் உச்சி பெரும்பாலும் நான்காவது முள்ளெலும்பின் மட்டத்தில் இருந்தது. ஆனால் சிலவற்றில் அதற்குக் கீழே, சிலவற்றில் மூன்றாவதுக்கு, இரண்டாவதுக்கு என்று மேலே ஏறியிருந்தது. சில சேக்ரங்களில் பின்சுவரே சேராமல் கால்வாய் முழுதும் திறந்து கிடந்தது. சிலவற்றில் வாசலே இல்லை, எலும்பு மூடியிருந்தது. அப்படிப்பட்ட பெண்ணின் முதுகில் எத்தனை முறை குத்தினாலும் எலும்பில்தான் முட்டும். வாசல் இருந்தும், ஊசியின் பருமனுக்குக்கூட இடம் தராத அளவு கால்வாய் தட்டையாக இருந்தவையும் உண்டு. கால்வாயின் கொள்ளளவு 12 மில்லிலிட்டரிலிருந்து 65 மில்லிலிட்டர் வரை என்று டிராட்டரின் பெயரோடு மயக்கவியல் நூல்கள் தருகின்றன. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒரே அளவு மருந்து ஒருத்தியின் இடுப்பைக்கூட எட்டாது, இன்னொருத்தியின் மார்பு வரை ஏறிவிடும். வாசலின் உச்சி மேலேயும் சவ்வுப் பையின் முடிவு கீழேயும் வந்துவிட்டால் இரண்டுக்கும் இடையே கொஞ்சம் தூரம்தான். ஊசி ஒரு விரற்கடை கூடுதலாகப் போனாலே பைக்குள் நுழைந்துவிடும். மூச்சு நின்ற பெண்களின் கதை இங்கே இருக்கிறது.

'முதுகு சரியில்லை' என்று பிரசவ அறையில் சொல்லப்பட்டது இந்த மேசையில் ஒரு அளவாக மாறியது. எதுவும் ஊனம் இல்லை, யாருக்கும் நோய் இல்லை. முகங்கள் வேறுபடுவது போல சேக்ரங்களும் வேறுபடுகின்றன. என்ன, கண்ணாடியில் பார்க்க முடியாது.

டிராட்டர் 1899-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, பெண்களின் முகத்தில் வளரும் முடியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு உதவியாளராக செயின்ட் லூயிஸ் வந்தார். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர் தன் பெயரை வெளியிட விரும்பாதவர். வீட்டுப் பெண்களின் முகமுடி பற்றிய கவலைதான் காரணம். அதிலேயே 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது பொய் என்று 1928-இலேயே அளந்து காட்டியவர் இவர்தான். நூறாண்டு ஆகப்போகிறது, நம் அத்தைமார் இன்னும் நம்பவில்லை.

1930-இல் இணைப் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் அசையவில்லை. கற்பித்தார், எழுதினார், எலும்புகளைப் பாதுகாத்தார். பதவி உயர்வு மட்டும் வரவில்லை. கடைசியில் அவரே போய்க் கேட்டார்: எனக்கு ஏன் இல்லை, என்னிடம் என்ன குறை என்று பரிசீலித்துச் சொல்லுங்கள். பரிசீலித்தார்கள். 1946-இல் பேராசிரியர் ஆனார். அந்த மருத்துவப் பள்ளியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். மேலே சொன்ன முதல் இரண்டு சேக்ர ஆய்வுகளும் அந்தக் காத்திருப்புக் காலத்தில் எழுதப்பட்டவை. அதே வளாகத்தில்தான் கெர்ட்டி கோரியும் இருந்தார். 1931-இல் கணவர் பேராசிரியராக வந்தபோது இவருக்குச் சொற்பச் சம்பளத்தில் ஓர் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. முழுப் பேராசிரியர் ஆனது 1947-இல். அதே ஆண்டில் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வந்தது.

டிராட்டரைக் கோவிலில் வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 1948-49-இல் ஹவாயில், போரில் இறந்த அடையாளம் தெரியாத அமெரிக்க வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து, கால் கை எலும்புகளிலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்களை கோல்டைன் கிளெசர் என்ற புள்ளியியலாளருடன் உருவாக்கினார். இன்றும் தடயவியல் அவற்றைப் பயன்படுத்துகிறது. ஆனால் கணுக்கால் முண்டைச் சேர்க்காமல் கீழ்க்கால் எலும்பை அளந்துவிட்டார் என்று 1995-இல் கண்டுபிடித்தார்கள். அளப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கும் அளவு தவறும்.

அதைவிடப் பெரிய கேள்வி, அவர் அளந்த சேக்ரங்கள் யாருடையவை என்பது. ராபர்ட் டெர்ரி என்ற உடற்கூறியலாளர் தொடங்கி, 1941-இல் அவர் ஓய்வுபெற்ற பின் டிராட்டர் வளர்த்த தொகுப்பு அது. மொத்தம் 1728 எலும்புக்கூடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, பால், இனம், இறப்பின் காரணம் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலோர் அரசு மருத்துவமனைகளிலும் பிணவறைகளிலும் யாரும் உரிமை கோராமல் கிடந்தவர்கள். அரசுச் செலவில் புதைப்பதற்குப் பதிலாக மருத்துவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். நகரத்தின் மக்கள்தொகையில் அவர்கள் அதற்கு வெகு குறைவு. உரிமை கோரவில்லை என்றால் உறவு இல்லை என்று பொருளா? அடக்கம் செய்யக் காசில்லாத உறவும் உறவுதானே. அவர்களில் எத்தனை பேர் தம் பிரசவங்களில் ஒரு துளி மருந்துகூடப் பார்க்காமல் பெற்றவர்கள் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. உயிரோடு இருந்தபோது அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று, இறந்த பின் அவர்கள் எலும்பிலிருந்து மற்ற பெண்களுக்குக் கிடைத்தது.

1945 ஆய்வின் தலைப்பிலேயே வெள்ளையர், நீக்ரோ என்ற பிரிவு இருக்கிறது. எலும்பை எடுத்தால் முதலில் இனம்வாரியாக அடுக்குவது அந்தக் காலத்து உடல்சார் மானுடவியலின் பழக்கம். டிராட்டர் அதற்கு வெளியே நின்றவர் அல்ல. ஆனால் எந்த அடுக்கை எடுத்தாலும் அதற்குள்ளேயே உயர்ந்த வாசலும் தாழ்ந்த வாசலும் மூடிய வாசலும் இருந்தன.

தொகுப்பில் வெள்ளை இனப் பெண்களும் இளவயதினரும் குறைவு என்பதைக் கண்டு அவர்களைத் தேடிச் சேர்த்தார். கேட்பாரற்ற உடல்களை எடுத்துக்கொள்வதற்குப் பதில், விரும்பியவர்கள் உயிலில் எழுதி உடலைக் கொடுக்கும் சட்டத்துக்காக மிசௌரியில் வாதாடினார். 1950களில் அந்தச் சட்டம் வந்தது. 1967-இல் தொகுப்பை வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 1991-இல் இறந்தபோது தன் உடலைத் தான் கற்பித்த பள்ளிக்கே எழுதிவைத்திருந்தார்.

பிரசவத்தில் காடல் முறை நீடிக்கவில்லை. மருந்து அதிகம் தேவைப்பட்டது, தொற்று அபாயம் இருந்தது, வாசல் கிடைக்கவில்லை. பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் தலை சேக்ரத்துக்கு முன்னால் வந்து அழுத்திக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஊசி தாயின் எலும்பைத் தாண்டிப் போய் மருந்தைக் குழந்தையின் தலைக்குள் செலுத்திய சம்பவங்கள் 1965-இல் மருத்துவ இதழில் வெளியாயின. அதற்குள் ஊசி முதுகில் மேலே, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே நகர்ந்துவிட்டிருந்தது. இன்று நமக்குப் போடப்படும் எபிடியூரலும், சிசேரியனுக்கு முன் போடும் ஸ்பைனலும் அங்கேதான். சிறு குழந்தைகளின் அறுவைசிகிச்சைக்கு மட்டும் காடல் முறை இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. அவர்களுக்கு அந்த வாசல் விரலுக்கு எளிதில் அகப்படும்.

மேலே போனதால் வேறுபாடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்தால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். தியோடர் டுஃப்ஃபியே என்ற பிரெஞ்சு அறுவைசிகிச்சையாளரின் பெயர் கொண்ட கோடு இது. இதை வைத்து எண்ணித்தான் ஊசி போடும் இடைவெளி முடிவாகிறது. தண்டுவடம் பெரும்பாலும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்குச் சற்றுக் கீழே முடிகிறது. ஆனால் சிலருக்கு இன்னும் கீழே வருகிறது. சிலருக்கு ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு சேக்ரத்தோடு ஒட்டியிருக்கும். சிலருக்கு சேக்ரத்தின் முதல் எலும்பு பிரிந்து ஆறாவது போல் நிற்கும். எண்ணிக்கையே பிசகும். நிறைமாதத்தில் இடுப்பு சாய்ந்து, சதை கூடி, கைக்குத் தெரியும் கோடு மேலேறிவிடும்.

2000-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. நூறு பேரின் முதுகில் குறி ஒன்றை வைத்து, அது எந்த இடைவெளி என்று மயக்கவியல் மருத்துவர்களைக் கேட்டு, பிறகு எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தார்கள். நூற்றுக்கு 29 விடைகள்தான் சரி. பெரும்பாலும் அவர்கள் நினைத்ததைவிட உண்மையான இடம் மேலே இருந்தது. சில முறை நான்கு இடைவெளி வரை மேலே. அடுத்த ஆண்டு லண்டனின் மயக்கவியல் மருத்துவர் ஃபெலிசிட்டி ரெனால்ட்ஸ், இத்தகைய ஊசியால் தண்டுவடத்தின் நுனி சேதமடைந்த ஏழு பேரின் விவரங்களை வெளியிட்டார். ஏழு பேரும் பெண்கள். ஆறு பேருக்குப் பிரசவத்துக்காகப் போடப்பட்ட ஊசி. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்புக்கு மேலே ஊசி போட வேண்டாம் என்ற அறிவுரை அதிலிருந்து வலுப்பட்டது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்தப் பெண்கள் ஊசி இறங்கும்போதே வலிக்கிறது என்று உணர்த்தியிருக்கிறார்கள். மருந்து உள்ளே போவதற்கு முன்பே. ஸ்கேன் இல்லாத அறையில், ஊசி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த முதுகுக்குச் சொந்தக்காரிதான். இன்று மயக்கவியலில் கற்றுத்தரப்படுவதும் இதுவே: கால் வெட்டினால், வலி பாய்ந்தால், நிறுத்து, ஊசியை வெளியே எடு, மருந்தைச் செலுத்தாதே. எனக்கு ஊசி போட்டவரும் மூன்றாவது ஊசியை வெளியே எடுத்துவிட்டார். எடுத்தது சரி. "அசையாதீங்கம்மா" என்று சொன்ன அதே மூச்சில் "எந்தக் கால்ல, எந்தப் பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஸாரி கேட்டிருக்க மாட்டேன். இப்போது பல மருத்துவமனைகளில் ஊசிக்கு முன் அல்ட்ராசவுண்ட் வைத்து முதுகைப் பார்த்துக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனையின் பிரசவ வரிசையில் ஒரு மருத்துவருக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரைக்காக என் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவில் தேடி எடுத்தேன். குழந்தையின் எடை, தையல் பிரிக்கும் தேதி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இருக்கின்றன. மயக்க மருந்து என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: ஸ்பைனல். எத்தனை முறை குத்தினார்கள், எந்தப் பக்கம் கால் வெட்டியது, கடைசியில் எந்த இடைவெளியில், எந்தச் சாய்வில் ஊசி இறங்கியது என்று ஒரு வரி இல்லை. என் முதுகில் நாளை இன்னொருவர் ஊசி போட வேண்டி வந்தால், அவரும் முதலிலிருந்துதான் தேட வேண்டும்.